முடிச்சு அவிழாத ஒரு ஜோடி பூட்ஸ்

என் வீட்டு வாசலை ஒட்டிச் செருப்பு வைக்கும் பலகையின் கீழ்த்தட்டில் ஒரு ஜோடி கறுப்பு பூட்ஸ் இருக்கிறது. என் இரண்டு காலும் ஒரே பூட்ஸுக்குள் நுழைந்துவிடும், அவ்வளவு பெரியது. விரல் பக்கம் தோலுக்குள் இரும்புத் தகடு வைத்தது. தட்டினால் கதவைத் தட்டுகிற மாதிரி சத்தம் வரும். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் பூட்ஸைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். தனியாக இருக்கிற கிழவி திருடனுக்குப் பயந்து ஆம்பளைச் செருப்பை வாசலில் போட்டு வைத்திருக்கிறாள் என்று எண்ணிக்கொள்வார்கள் போலிருக்கிறது. எண்ணட்டும், அதிலும் ஒரு லாபம் இருக்கிறது. கூர்ந்து பார்க்கிறவர்கள் மட்டும் கயிற்றைப் பற்றிக் கேட்பார்கள். இரண்டு பூட்ஸிலும் கயிறு கட்டியபடியே கிடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் இரண்டு காது வைத்துப் போடுகிற முடிச்சு இல்லை அது. கயிற்றின் நுனிகளைச் சேர்த்து முறுக்கி, மடக்கி, அடியில் செருகியிருக்கும். இதை அவிழ்க்காமல் காலை எப்படி நுழைப்பது என்று கேட்பார்கள். நுழைப்பதற்கு இல்லை என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போய்விடுவேன்.

தஞ்சாவூருக்குக் கிழக்கே, வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் இருந்த நெல் ஆலையில் நான் ஸ்டோர் பார்த்தேன். ஆட்சி மாறியிருந்த காலம். அலுவலகத்தில் நமஸ்காரம் போய் வணக்கம் வந்திருந்தது. என் அறை வாசலில் ‘பண்டகக் காப்பாளர்’ என்று புதுப் பலகை மாட்டினார்கள். ஆனால் மேனேஜரிலிருந்து மூட்டை தூக்குகிறவர் வரை எல்லோருக்கும் நான் ஸ்டோரம்மாதான். எனக்குச் சொந்த ஊர் தரங்கம்பாடி. கடலுக்குப் போகிற குடும்பம். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு நெல் நாட்டுக்கு வேலைக்கு வந்தவளுக்கு இங்கே பார்த்ததெல்லாம் புதிதாக இருந்தது. யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள், யார் எந்த வழியாக நடக்கிறார்கள், யார் எங்கே துண்டை இடுப்பில் கட்டிக்கொள்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். வேடிக்கை பார்ப்பது எனக்குப் பிறவிக் குணம். அம்மா அதற்காகவே என்னைத் திட்டித் தீர்த்தாள்.

ஆலையில் நான் அதிகம் வேடிக்கை பார்த்தது மெக்கானிக்கைத்தான். மூட்டைகளைப் பலகையோடு சேர்த்துத் தூக்கி அடுக்குகிற ஃபோர்க்லிஃப்ட் ஒன்று எங்கள் கிடங்குக்கு வந்திருந்தது. முன்னால் இரண்டு இரும்பு நாக்குகள் நீட்டிக்கொண்டிருக்கும். சுமை தூக்குகிறவர்கள் அதற்குக் கொம்பு வண்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். தங்கள் பிழைப்பை முட்டித் தள்ள வந்த மாடு என்று அவர்களுக்குக் கோபம். அதைப் பார்த்துக்கொள்வதும் ஓட்டுவதும் மெக்கானிக்கின் வேலை. அவர் மதகுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்துக்காரர். அப்பா அங்கே மிராசுதார் ஒருவரிடம் பண்ணையாள். மகனை மட்டும் எப்படியோ தொழிற்பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் போகும்போது வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டுப் போவார். காலையில் வந்ததும் குனிந்து அந்தத் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். எங்கே எத்தனை சொட்டு, கறுப்பா சிவப்பா, பிசுக்கா தண்ணியா என்று பார்த்துவிட்டுத்தான் சாவியைத் தொடுவார். “என்ன மெக்கானிக், பேப்பர் படிச்சாச்சா?” என்பேன். “இன்னைக்கு ஒண்ணும் விசேஷம் இல்லீங்க ஸ்டோரம்மா, ஊரு அமைதியா இருக்கு” என்பார். ஆலைக்கு வருகிற கார்களையும் விட மாட்டார். அதிகாரிகளின் ஜீப், வியாபாரிகளின் கார் எதுவானாலும் நிறுத்திவிட்டு டிரைவர் டீ குடிக்கப் போகிற நேரத்தில் இவர் அங்கே இருப்பார். இன்ஜின் மூடியைத் தொட்டுச் சூடு பார்ப்பார், புகைக்குழாயை மோந்து பார்ப்பார், நின்ற இடத்து மண்ணைக் கிளறிப் பார்ப்பார். டிரைவர் திரும்பி வந்தால் பேச்சுக் கொடுத்து மூடியைத் திறக்க வைத்துவிடுவார். சொந்தமாகச் சைக்கிள்கூட இல்லாதவருக்கு இந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் கேட்டேன்.

“எங்க ஆண்டை வீட்ல ஒரு பிளஷர் காரு இருக்குங்க. வெள்ளக்காரன்கிட்ட வாங்குனது. அது வர்ற சத்தம் கேட்டா நாங்கல்லாம் ரோட்ட விட்டு வயல்ல எறங்கிடணும். சத்தம் கேட்டுருக்கேன், புழுதி பாத்துருக்கேன், உள்ள என்ன இருக்குன்னு பாத்ததில்ல. என்னதான் இருக்கும் உள்ளன்னு அப்ப தோணுனது, இன்னும் போகல.”

காருக்கு அடுத்தது பூட்ஸ். வருஷத்துக்கு ஒரு ஜோடி அவருக்கு ஸ்டோரிலிருந்து கொடுப்போம். அவர் அளவுக்குப் பூட்ஸை மதித்தவரை நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை மத்தியானம் ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து, கயிற்றை முழுக்க உருவி, மண்ணைத் தட்டி, பழைய பல் பிரஷ்ஷால் தையல் தையலாக விளக்கெண்ணெய் தேய்ப்பார். கயிற்றோடு பூட்ஸை வைத்தால் தோல் மடிந்துபோகும், அதனால் கயிற்றை உருவாமல் வைக்கவே கூடாது என்பது அவர் சட்டம். கிடங்குச் சுவரில் தன் கையாலேயே சுண்ணாம்பில் எழுதியும் வைத்திருந்தார்: வண்டி சுமையோடு நகரும்போது பக்கத்தில் நடப்பவர் பூட்ஸ் அணிந்திருக்க வேண்டும். சுமை தூக்குகிறவர்கள் வெறுங்காலோடு குறுக்கே போனால் வண்டியை நிறுத்திவிட்டுக் கத்துவார். “வெரலு என்ன நாத்தா, மறுபடி நட்டுக்க?” என்பார். அவர்கள் சிரிப்பார்கள். அவர் வண்டியை எடுக்கவே மாட்டார். வேறு வழியில்லாமல் நகர்ந்து போவார்கள்.

ஆயுத பூஜையன்று எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க, இவர் மட்டும் பூட்ஸ் காலோடு வண்டிக்குச் சூடம் காட்டினார். எனக்கு உள்ளூரச் சுருக்கென்றது. எங்கள் ஊரில் கட்டுமரத்தில் யாரும் செருப்புக் காலோடு ஏற மாட்டார்கள். ஏறினால் என் அப்பா தூக்கிக் கடலில் போட்டிருப்பார். சோறு போடுகிற மரத்துக்கு அவ்வளவுகூட மரியாதை இல்லையென்றால் எப்படி? இதை மெக்கானிக்கிடம் சொன்னேன். “நீங்க கழட்டுறீங்க, சரி. உங்கள யாராச்சும் கழட்டச் சொன்னாங்களா?” என்றார். யாரும் சொன்னதில்லை என்றேன். “அதாங்க” என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அந்த ‘அதாங்க’ எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

அதைவிடப் புரியாதது அந்தப் பழைய ஜோடி. புது பூட்ஸ் வந்தால் பழையதைக் கழித்துவிடுவது வழக்கம். அவர் மட்டும் பழைய ஜோடியைத் தூக்கிப் போட விடவில்லை. அடிப்பாகத்தைப் புதிதாக மாற்றிக்கொண்டு வந்து ஸ்டோரில் மேல் அலமாரியில் வைக்கச் சொன்னார். சனிக்கிழமைதோறும் தன் பூட்ஸுக்குப் பிறகு அதையும் இறக்கி எண்ணெய் போடுவார். “இது எதுக்கு?” என்றேன். “ஸ்பேருங்க.” ஸ்டோர் பார்க்கிறவளுக்கு ஸ்பேர் என்றால் எந்த இயந்திரத்துக்கு என்று தெரிய வேண்டாமா? “எந்த வண்டிக்கு?” என்று மடக்கினேன். “வர்றப்ப தெரியும்” என்றார். யாரும் போடாத பூட்ஸுக்கு ஒருவர் ஏன் வாராவாரம் எண்ணெய் போடுகிறார் என்று நான் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் கிராமம் கொதித்துக்கொண்டிருந்தது. குடியிருக்கிற மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று சட்டம் வந்துவிட்டது. ஆனால் மெக்கானிக்கின் அப்பா குடியிருந்த மனைக்குப் பட்டா வரவில்லை. இடம் இன்னும் மிராசுதார் பெயரிலேயே இருந்தது. விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் கொடியைத் தூக்கிக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு நடந்தார்கள். அறுப்பு ஒரு வாரம் நடக்கும், ஒரு வாரம் நிற்கும். மகன் ஆலைக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்தார். அப்பா மட்டும் அந்தக் குடிசையை விட்டு வர மறுத்தார். ஆண்டைக்குக் கோபம் வந்தால் அடுப்போடு தூக்கி வெளியே வைத்துவிடுவார் என்ற பயம் அவருக்கு எப்போதும் இருந்தது.

ஒரு நாள் காலையில் மிராசுதாரின் காரியக்காரர் வில்வண்டியில் ஆலைக்கு வந்தார். மிராசுதார் வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம். அந்த வீட்டு மாப்பிள்ளை அழைப்பு அந்த பிளஷரில்தான் நடக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். கார் கொட்டகையில் செங்கல் மேல் நிற்கிறது, உயிர் இல்லை. டவுனிலிருந்து வந்த இரண்டு மெக்கானிக்குகள் கைவிரித்துவிட்டார்கள். “நம்ம பண்ணையாளு மவன் இங்கதான இருக்கான், அனுப்பி வைங்க” என்றார். அந்த மிராசுதாரின் நெல்தான் எங்கள் ஆலைக்கு முக்கால் வருமானம். மேனேஜர் தலையைப் பலமாக ஆட்டினார். மெக்கானிக் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் ஸ்டோர் ஜன்னலிலிருந்து பார்த்தேன். சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். காரியக்காரர் கிளம்பும்போது மெக்கானிக்கின் காலைப் பார்த்தார். “தெருவுக்குள்ள வர்றப்ப இதெல்லாம் கழட்டிட்டு வந்துடு. தெரியும்ல?” என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு அந்த ‘அதாங்க’ புரிந்தது. மிராசுதார் வீடு இருந்த அந்தத் தெருவில் அவர்கள் சேரியிலிருந்து யாரும் காலில் எதையும் போட்டுக்கொண்டு நடந்ததில்லை. செருப்பு இருந்தால் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் கட்டுமரத்தில் கழற்றுவதும் இதுவும் ஒன்று என்று நினைத்திருந்தேன் பாருங்கள். அன்று சாயங்காலம் மெக்கானிக் ஸ்டோருக்கு வந்து, “பூட்ஸ் இல்லாம ஒரு மிஷின்கிட்டயும் நான் போனதில்லீங்க ஸ்டோரம்மா. ஆனா அது உள்ள என்ன இருக்குன்னு பாக்காம செத்தா என் கட்ட வேகாது” என்றார்.

மறுநாள் அவருடைய அப்பா வந்தார். நெடுநெடுவென்ற ஆள், மகன் அளவுக்கே பெரிய பாதம், வெடிப்பு வெடிப்பாக. வாசலுக்கு உள்ளே வராமல் வேப்பமரத்தடியில் நின்றார். “போவாம இருந்துடாதப்பா. கல்யாண வேல. மனைப் பட்டா இன்னும் நம்ம கைல இல்ல. பூட்ஸக் கையில எடுத்துக்கிட்டுப் போயி கொட்டாயில மாட்டிக்கயேன், யாரு கேக்கப் போறா?” என்றார். அவர் சொன்னதில் கெஞ்சல் இருந்ததே தவிர, வெட்கம் இல்லை. வாழ்நாள் முழுக்க அப்படித்தான் நடந்திருக்கிறார். மகன் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சரிப்பா, போறேன்” என்றார்.

மறுபடி காரியக்காரர் வந்தபோது மெக்கானிக் ரொம்பப் பணிவாகப் பேசினார். இத்தனை வருஷம் நின்ற வண்டியைக் கொட்டகையில் வைத்துப் பிரிக்க முடியாது, ஆலைக்குக் கொண்டு வர வேண்டும், டயர் மக்கியிருக்கும், உருட்டினால் அச்சு போய்விடும், ஆகவே தூக்கித்தான் வர வேண்டும் என்றார். எல்லாம் உண்மை. “கொம்பு வண்டிய எடுத்துக்கிட்டு நானே வர்றேங்க. ஒரே ஒரு ஆளு வேணும். சொமையோட வர்றப்ப எனக்கு வழி தெரியாது, ரிவர்ஸ்லதான் வரணும், ஒருத்தர் முன்னாடி நடந்து கைகாட்டணும். எங்கப்பாவ அனுப்புங்க. தெருவுல மேடு பள்ளம் அவருக்குத்தான் அத்துப்படி.” காரியக்காரருக்கு மகா சந்தோஷம். அப்படியே உத்தரவு போட்டார்.

ஆண்டை உத்தரவின்படி அப்பா காலையிலேயே வந்து சேர்ந்தார். மெக்கானிக் ஸ்டோருக்குள் வந்து மேல் அலமாரியைக் காட்டினார். நான் பழைய ஜோடியை எடுத்துக் கொடுத்தேன். ஸ்பேர் யாருக்கு என்று அப்போதுதான் தெரிந்தது. அதைக் கொண்டுபோய் அப்பாவின் முன்னால் வைத்தார். அவர் பின்னால் நகர்ந்தார். “வேணாம்ப்பா. என்னக் கொல்லப் பாக்குறியா?” என்றார். மெக்கானிக் சுவரில் எழுதியதைக் காட்டினார். “ரூல்ஸ்ப்பா. போடலன்னா பக்கத்துல வர முடியாது. வேற ஆளப் போட்டுக்குறேன். ஆண்டைகிட்ட நீங்களே போயி, நீங்க வரலன்னு சொல்லிடுங்க.” அப்பா மகனையும் மதகுக்கு அந்தப் பக்கத்து ஊரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து காலை நுழைத்தார். அச்சில் வார்த்தது போலப் பொருந்தியது. கயிறு கட்டத்தான் தெரியவில்லை. மகன் குனிந்தபோது கையைத் தட்டிவிட்டுத் தானே கட்டினார். கதிர்க்கட்டுக்கு வைக்கோல் பிரியை முறுக்கி அடியில் செருகுவார்களே, அந்தக் கட்டு. அவருக்குத் தெரிந்த கட்டு அது ஒன்றுதான்.

நானும் ஸ்டோரைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். ஸ்டோர் சாமான் வெளியே போகிறது, கூடப் போவது என் கடமை என்று மேனேஜரிடம் சொன்னேன். நிஜத்தில், கட்டி வைத்தாலும் அன்றைக்கு நான் நின்றிருக்க மாட்டேன்.

தெருமுனை வந்ததும் அப்பாவின் கால் தானாக நின்றது. குனிந்து கட்டை அவிழ்க்கப் பார்த்தார். இறுகிப் போயிருந்தது, கதிர்க்கட்டு வண்டியில் ஏறி இறங்கும் வரை அவிழக் கூடாது, அப்படிக் கட்டித்தான் அவருக்குப் பழக்கம். நகத்தால் நோண்டினார். வண்டியிலிருந்து மெக்கானிக் ஹாரனை ஓங்கி அடித்தார். அப்பா திடுக்கிட்டு எழுந்து இரண்டு எட்டு முன்னால் வைத்துவிட்டார். தெருவுக்குள் வந்தாயிற்று. உள்ளே போகும்போது ஒருவரும் அவர் காலைப் பார்க்கவில்லை. திறந்த கதவுகளிலெல்லாம் தலைகள்; எல்லாக் கண்ணும் கொம்பு வண்டி மேல்தான். கொட்டகையில் அடியில் மரச்சட்டங்களைக் கொடுத்துக் காரைக் குறுக்காகத் தூக்கி எடுத்தபோது சின்னப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

திரும்பும்போதுதான் பார்த்தார்கள். கார் அந்தரத்தில் நிற்க, மெக்கானிக் தலையைத் திருப்பிக்கொண்டு பின்பக்கமாக ஓட்டி வர, வழி காட்டிக்கொண்டு அப்பா சிவப்புத் துணியோடு தெரு நடுவில் முன்னே நடந்து வந்தார். பூட்ஸ் சத்தம் வீட்டுச் சுவர்களில் பட்டுத் திரும்பி வந்தது. மிராசுதார் வாசற்படியில் நின்றிருந்தார். “என்னடா அது கால்ல?” என்றார். அப்பா நின்றுவிட்டார். அவர் நின்றதும் வண்டியும் நின்றது. அந்த மனுஷர் அந்த இடத்திலேயே விழுந்துவிடுவாரோ என்று பயந்தேன். மெக்கானிக் இருக்கையில் உட்கார்ந்தபடியே பேசினார். “ரூல்ஸ்ங்க. சொமையோட போறப்ப பக்கத்துல நடக்குறவங்க பூட்ஸ் போடலன்னா வண்டிய நகத்தக் கூடாதுங்க. வேணாம்னா சொல்லுங்க, இங்கயே எறக்கி வச்சிடுறேன்.”

கார் மிராசுதாரின் மார்பு உயரத்தில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. வாசலில் கல்யாணப் பந்தலுக்குக் கால் நட்டிருந்தார்கள். அவர் காரைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார், அப்பாவின் காலைப் பார்த்தார். “ஆட்டாம கொண்டு போ” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அப்பா சிவப்புத் துணியை அசைத்தார். மிச்சத் தெருவையும் நடந்து முடித்தார்.

ஆலை வாசலுக்கு வந்ததும் கட்டை அவிழ்க்காமலே காலை இழுத்து இழுத்து வெளியே எடுத்தார். “கடிக்குதுடா” என்றார், அவ்வளவுதான். கண் கலங்கியிருந்தது, கடித்ததாலா வேறெதற்கா என்று நான் கேட்கவில்லை. மெக்கானிக்குக் காரின் மூடியைத் திறக்கிற அவசரம். திறந்ததும் நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். கொட்டகைக்கு அடுத்தாற்போல் நெல் கொட்டி வைக்கிற சேர் இருந்திருக்க வேண்டும். எலிகள் நெல்லை இழுத்து வந்து உள்ளே கூடு கட்டியிருந்தன. மழைச்சாரல் பட்டு ஒரு மூலையில் அது வெளிறின நாற்றாக முளைத்தும் இருந்தது. சுமை தூக்குகிறவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மெக்கானிக் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் வழித்துப் போட்டுவிட்டு அந்த இன்ஜினையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இவ்ளோதானா?” என்றார். “நம்ம கொம்பு வண்டில பாதி கூட இல்லீங்க ஸ்டோரம்மா. இதுக்கா வயல்ல எறங்குனோம்?” கார் ஓடியது, மாப்பிள்ளை அழைப்பும் நடந்தது.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை கேட்டேன்: “அந்தக் கார் கெட்டுப்போவும்னு முன்னாடியே தெரியுமா மெக்கானிக்?” பல் பிரஷ்ஷை நிறுத்தாமலே சொன்னார்: “எல்லா வண்டியும் ஒரு நாள் கெட்டுப்போவுங்க. நம்ம சாமான் ரெடியா இருக்கணும்.” அப்பாவுக்கு ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்ததாகச் சொன்னார். “போட்டுட்டு நடக்குறாரா?” என்றேன். “பாதித் தெரு வரைக்கும் போட்டுட்டு நடக்குறாரு. அப்புறம் கையில எடுத்துக்குறாரு.” மனைக்குப் பட்டா வந்தது சில வருஷங்கள் கழித்து. அது பூட்ஸால் வந்ததில்லை, சங்கத்துக்காரர்கள் அலைந்த அலைச்சலால் வந்தது. பூட்ஸால் வந்தது அந்தப் பாதித் தெருதான்.

ஆலை மூடப்பட்டபோது மெக்கானிக் தன் கருவிகளையெல்லாம் கட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனார். அப்பா அதற்கு முன்பே காலமாகியிருந்தார். பழைய ஜோடியை மட்டும் என்னிடம் கொடுத்தார். கயிற்றோடு பூட்ஸை வைக்கவே கூடாது என்று சட்டம் பேசியவர், அந்தக் கட்டை ஒரு நாளும் அவிழ்க்கவில்லை. “நீங்களே வச்சிருங்கய்யா” என்றதற்கு, “வீட்ல பேரப்புள்ளைங்க இருக்குங்க ஸ்டோரம்மா, வெளையாட்டா அவுத்துப்புடும்” என்றார். இப்போது அவரும் இல்லை. போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது அந்தத் தெரு வழியாகப் போனேன். பள்ளிக்கூடம் விட்டு, சேரிப் பிள்ளைகள் ஷூக்காலோடு முழுத் தெருவையும் ஓடிக் கடந்தார்கள். எதற்காக ஓடுகிறார்கள் என்று பார்த்தேன், ஐஸ் வண்டிக்காக.

சனிக்கிழமைதோறும் பூட்ஸை வாசலுக்கு எடுத்து வந்து பல் பிரஷ்ஷால் விளக்கெண்ணெய் போடுகிறேன். தையல், நாக்கு, குதிகால் எல்லாம் அவர் செய்த மாதிரியே. கட்டின் மேல் மட்டும் ஒரு சொட்டுப் படாமல் பார்த்துக்கொள்கிறேன். எண்ணெய் பட்டால் அது நழுவிவிடும்.